'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போனவர்கள்

என் ஒன்றாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை அட்டை இன்னும் அம்மாவின் தகரப் பெட்டியில் கிடக்கிறது. உயரம், எடை, பல், காது, கண் என்று ஐந்து வரி. முதல் இரண்டில் எண்கள், மீதி மூன்றிலும் 'நார்மல்'. அது எழுதப்பட்ட அன்றைக்கு என் இடது கண்ணுக்குச் சுவரில் மாட்டிய அட்டையின் மிகப் பெரிய எழுத்துகூடத் தெரியாது.

நெல்லிக்குப்பத்தில் எங்கள் பள்ளிக்கூட வராண்டாவில் வரிசையாக நிற்கவைத்தார்கள். கரும்பு வண்டிகள் ஆலைப் பக்கம் போய்க்கொண்டிருந்த சீசன். எங்களுக்குக் கண் முழுக்க ரோட்டில்தான், எவன் ஓடிப்போய் ஒரு கழியை உருவுவான் என்று. வந்திருந்தவர் 'ஈ' எழுத்து அட்டையை மாட்டி, "கால் எந்தப் பக்கம் இருக்கு, கையால காட்டும்மா" என்றார். காட்டினேன். "சரி, போ." அவ்வளவுதான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொல்லவில்லை. என் வலது கண் நல்ல கண். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அதுவே பரீட்சை எழுதிவிட்டது.

நர்சிங் படிக்கப்போய், தோழிகள் ஒருவரையொருவர் பரிசோதித்துப் பழகிய வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. பத்தொன்பது வயது. கண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கண்ணில் பெரிய கோளாறு இல்லை, அந்தக் கண்ணிலிருந்து வரும் காட்சியை வாங்கிக்கொள்ள மூளை பழகவே இல்லை. 'சோம்பல் கண்' என்பார்கள். சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கியிருந்தால் பெருமளவு சரியாகியிருக்கும். "ஆறு, ஏழு வயசுல யாரும் பாக்கலியா?" என்று கேட்டார். பார்த்தார்கள் டாக்டர், அட்டைகூட இருக்கிறது.

அன்று வந்த அந்த மனிதரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு முன்னால் இருநூறு பிள்ளைகள் நின்றார்கள், மதியச் சோற்றுக்குள் முடிக்கச் சொல்லியிருப்பார்கள். என் சண்டை, இருநூறு பேரைப் 'பார்த்தாச்சு' என்று மேலே அனுப்பும் அந்தக் கணக்கோடுதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். இருநூறு குழந்தைகள். இரண்டு பேர் பார்த்தாலும் ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம்கூட வராது. ஒரு குழந்தையின் மூச்சை எண்ணவே முழுதாக ஒரு நிமிடம் வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது ஏமாற்று வேலை, ஏனென்றால் சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு என்றால் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இருமலோடு வந்த குழந்தைக்கு அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். வயதுக்கு வயது எல்லை மாறுகிறது. அட்டையில் கட்டம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

குழந்தையைச் சின்ன சைஸ் பெரியவர் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. ஆறு மாதக் குழந்தையை அம்மா மடியிலிருந்து பிடுங்கி மேஜையில் போட்டால் வீல் என்று கத்தும். கத்துகிற குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து என்ன கேட்கப் போகிறோம்? அது சும்மா இருக்கும்போதே மடியிலேயே வைத்து நெஞ்சைக் கேட்டுவிட வேண்டும். காதும் தொண்டையும் கடைசி. இரண்டு வயதுக்குட்பட்டவர்களைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே குழந்தைக்கு இரண்டு அளவுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். மூன்று வயதுப் பொடியனிடம் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் கொடுத்து, "அம்மா நெஞ்சுல என்ன சத்தம் கேக்குது சொல்லு" என்றால் பாதி வேலை முடிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் போதும், அதுவே ஒத்துழைக்கும்.

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தேவை ஒரு மூடிய கதவு. நடப்பது என்ன? வகுப்பறையிலேயே எடை பார்த்து, "முப்பத்தொண்ணு!" என்று எழுதுபவருக்குக் கேட்கும்படி கத்துகிறார்கள். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று முப்பது பேர் முன்னால் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? "எல்லாம் சரியா இருக்கு மிஸ்" என்பாள். அதையும் நார்மல் என்று எழுதிக்கொள்வோம்.

திட்டம் இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை எல்லோரையும் பார்க்கச் சொல்கிறது. பிறவிக் குறைகள், சத்துக்குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு பிரிவு. நடமாடும் குழுவில் இரண்டு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை. காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் யாரும் எழுத முடியாது. ஆனால் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை பேரைப் பார்த்தீர்கள்' என்பதாக இருக்கும்வரை, பார்ப்பது என்றால் எண்ணுவது என்றுதான் அர்த்தம்.

நம்மால் முடியாது என்று சொல்பவர்கள் 1980-க்குப் போய்வரலாம். உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அந்த ஆண்டு கிராமங்களில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். இன்றைய எடை என்ன என்பதோடு விடாமல், போன மாதத்திலிருந்து ஏறியதா என்று பார்த்தார்கள். ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு, அம்மாவோடு பேச்சு. செய்தது உள்ளூர்ப் பெண்கள். ஒரு எடையைப் போட்டதும் அதையொட்டி ஒரு காரியம் நடந்தது. இன்று எடையைப் போட்டுச் செல்போனில் ஏற்றுகிறோம், சிக்னல் கிடைத்தால். தராசும் பதிவேடும் சமையலும் செல்போனுமாக ஒற்றை ஆளாய் ஓடும் அங்கன்வாடி அக்காவிடம் "ஏன் டேட்டா வரல?" என்று மட்டும் கேட்கத் தெரிகிறது.

இன்னொரு வாதம் உண்டு. ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்கிறேன். "நம்ம புள்ளைங்க உடம்புவாகே அப்படித்தான், வெள்ளக்காரன் சார்ட்டுல வெச்சுப் பாத்தா எல்லாம் குட்டையாத்தான் தெரியும்." இது தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து செய்தவை. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த டெல்லிக் குழந்தை, ஓஸ்லோ குழந்தையை ஒட்டியே வளர்ந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களில் பாதிக்கு மேல், சுமார் 57 விழுக்காடு, ரத்தசோகை. இதை உடம்புவாகு என்று சொல்வது வசதியான பொய். கரும்பு வெட்டப் போகிறவரின் பிள்ளையை அந்தப் பொய்யை வைத்து நாம் கைவிடுகிறோம்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது நடக்குதே" என்பார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றுமே நடக்காமல் இருந்திருந்தால், புத்தகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் படிக்கிறேன் என்று என் அம்மாவுக்கு வந்த சந்தேகம் உயிரோடு இருந்திருக்கும். பண்ருட்டிக்கோ கடலூருக்கோ பஸ் ஏறியிருப்பாள். "ஸ்கூல்லயே டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரு" என்று அந்த அட்டைதான் அவளை உட்காரவைத்தது. பார்க்காமல் எழுதிய 'நார்மல்', இன்னொருவர் பார்ப்பதையும் தடுத்துவிடுகிறது.

காசு கட்டிப் படிக்கவைக்கும் பள்ளிகள் மட்டும் மேல் என்று நினைக்க வேண்டாம். அங்கே பேனர் இருக்கும், போட்டோ இருக்கும், கலர் பிரிண்ட் அட்டை இருக்கும். கண்ணைப் பொத்தினார்களா என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே கேளுங்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை குழந்தைக்கு மேல் பார்க்கக் கூடாது என்று உச்சவரம்பு வையுங்கள். பார்க்க முடியாமல் போன இடத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதும் உரிமையை, திட்டு விழாது என்ற உறுதியோடு, ஊழியருக்குக் கொடுங்கள். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பதோடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பிய பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பஸ் செலவும் ஒருநாள் கூலியும் போகும் என்பதால்தான் பாதிப் பேர் போவதில்லை. அதற்கு அம்மாக்களின் அலட்சியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. பத்தடி தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை என் உள்ளங்கையால் மூடி, சுவர்க் காலண்டரின் தேதியைக் கேட்டேன். சொன்னாள். மறு கண்ணை மூடினேன். "அத்தை, கைய எடு, தெரியல" என்றாள். என் கை நடுங்கிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்க முயன்று இரண்டு கண்ணையும் சேர்த்து இறுக்கி மூடியிருந்தாள். மறுபடி சிரிக்கவைத்து, பழகவைத்து, மெதுவாகக் கேட்டேன். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

அதற்குப் பத்து நிமிடம் ஆனது. ஒரு குழந்தைக்கு, ஒரே ஒரு சோதனைக்கு.