நிறை குறையேல்லை எண்டு நடையை நிப்பாட்டாதேங்கோ

"நாலு மாசமா இரவில சோறு இல்லை. விடிய எழும்பி நடக்கிறன். ஒரு கிலோகூடக் குறையேல்லை." இந்த வசனத்தைக் கேட்காத வீடு இப்போது யாழ்ப்பாணத்தில் குறைவு. சொல்பவர் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் அக்காவாக இருக்கலாம், கம்பஸ் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய நண்பனாக இருக்கலாம், கிளினிக் கொப்பியோடு திரியும் அப்பாவாக இருக்கலாம். கேட்பவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "ஒளிச்சு ஏதும் சாப்பிடுறீரோ?" மற்றது, "உங்கட பரம்பரை வாகு அப்பிடி, என்ன செய்தாலும் மெலியாது." முதலாவது ஆளைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது ஆளைக் கைவிடுகிறது. இரண்டையும் மாறி மாறிக் கேட்டவர் கொஞ்ச நாளில் சப்பாத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்.

எங்களுக்குப் பயம் தருவது அந்த மூலைக்குப் போன சப்பாத்துத்தான். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு. சீனி, பிரஷர், கொலஸ்ரரோல் என்று மூன்று வியாதியும் ஒரே கொப்பியில் எழுதப்பட்ட ஆட்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இப்படியான ஊரில் ஒருவர் நடையை விடுவது சின்ன விசயமில்லை. அவரை விட வைத்தது ஒரு தராசு. அந்தத் தராசு சொல்வது எவ்வளவு உண்மை என்று கொஞ்சம் கதைக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நடுத்தர உடம்புள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் கைவீசி நடந்தால் 200 முதல் 250 கலோரி வரை செலவாகும். ஒரு நாளும் விடாமல், மேலதிகமாக ஒரு வாயும் சாப்பிடாமல் நடந்தாலும் மாசத்துக்கு ஒரு கிலோ குறைவதே பெரிய காரியம். இப்போது தேத்தண்ணிக்கு வருவோம். கப்புக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 12 கிராம், அது 48 கலோரி. நாளுக்கு ஐந்து கப் குடித்தால் 240. பண்ணையில் ஒரு மணித்தியாலம் நடந்தது முழுக்க அந்தச் சீனியோடு சரி. 2016 முதல் மென்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறார்கள். தேத்தண்ணிக் கப்பில் யார் நிறம் போடுவது?

இதைச் சொன்னால் "அப்ப ஒளிச்சுத்தானே சாப்பிட்டிருக்கினம்" என்று முதல் பதில்காரர் எழும்புவார். பொறுங்கோ. 1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, "எவ்வளவு குறைச்சுச் சாப்பிட்டும் மெலியேல்லை" என்று சொன்ன ஆட்களையே தேடி எடுத்துச் சோதித்தது. அவர்களுடைய உடம்பு சக்தியைச் செலவழித்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர்கள் உண்மையில் சாப்பிட்டதிலும் ஏறக்குறைய 47 வீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள், அசைந்து திரிந்ததை 51 வீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொன்னதாக இதை எடுக்கத் தேவையில்லை. சாப்பாட்டைக் கண்ணால் அளப்பது மனிசருக்கு வராத கலை.

அதுவும் எங்கள் குசினியில் அளப்பது என்பது நடக்கிற காரியமா? கறிக்குள் போன தேங்காய்ப்பால் எவ்வளவு, கத்தரிக்காய்ப் பொரியல் குடித்த எண்ணெய் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? உப்புப் பார்க்க வாயில் போட்டது, பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்கக்கூடாது என்று வழித்துச் சாப்பிட்டது, போன வீட்டில் "ஒரு வடை எடுங்கோ, இல்லாட்டிக் கோவிப்பம்" என்றதற்காக எடுத்தது, இவை எதுவும் கணக்கில் ஏறுவதில்லை. அம்மாமார் பலர் இருந்து சாப்பிடுவதேயில்லை. நின்றபடி, எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் கிடந்ததைத்தான். அவரிடம் போய் "என்ன சாப்பிட்டீங்கள் எண்டு எழுதி வையுங்கோ" என்று சொல்வது சுலபம்.

அடுத்தது கோப்பை. எங்கள் கோப்பையில் சோறு நடுவில் இல்லை, சோறுதான் கோப்பை. மரக்கறியும் மீனும் அதைச் சுற்றி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாச்சத்தைக் குறைத்து, பருப்பு, கடலை, மீன், முட்டை, கீரையைக் கூட்டச் சொல்லிப் படித்தவர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் 2022 செப்டெம்பரில் இந்த நாட்டின் உணவுப் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த நேரத்தில் பல வீடுகளின் கோப்பையை விட்டு முதலில் போனது மீனும் முட்டையும். மிஞ்சியது சோறும் சம்பலும் பாணும். மலிவான சாப்பாடுதான் உடம்பு வைக்கும் சாப்பாடு என்றால், "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று ஆளைப் பார்த்துச் சொல்வதில் என்ன நியாயம்?

இனி, உண்மையாகவே குறைத்துச் சாப்பிட்டு உண்மையாகவே நடப்பவரின் கதை. அவருக்கு எதிராக அவருடைய உடம்பே நிற்கிறது. நிறை குறையத் தொடங்கியதும், பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் உடம்பு நினைக்கிறது. கொழுப்புக் கலங்களில் சுரக்கும் லெப்ரின் என்ற ஹோமோன் குறைகிறது, பசி கூடுகிறது, சக்திச் செலவு சுருங்குகிறது. அமெரிக்காவில் நிறை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்குபற்றிய 14 பேரை ஆறு வருசம் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். 2016 இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவர்களில் 13 பேருக்கு நிறை திரும்ப ஏறியிருந்தது. அந்த உடம்புக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவிலும் பார்க்க நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடம்பு செலவழித்துக்கொண்டிருந்தது. ஆறு வருசத்துக்குப் பிறகும் உடம்பு அந்தப் பட்டினியை மறக்கவில்லை. இன்று உலகம் முழுக்கக் கதைபடும் ஓசெம்பிக் போன்ற ஊசிகள் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் நடத்தும் ஹோமோன் வழியிலேயே வேலை செய்கின்றன. ஊசி போட்டால் அடங்கும் பசியைக் குணக்கேடு என்று சொல்லலாமா?

தராசு செய்யும் வேறு விளையாட்டும் இருக்கிறது. கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்தவர் "மூண்டு கிலோ குறைஞ்சிட்டுது" என்பார். பாறணை முடிந்து ஒரு கிழமையில் அது திரும்பி வந்துவிடும். முருகன் ஏமாற்றவில்லை. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன்தான் முதலில் கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் போகிறது. திரும்பச் சாப்பிட இரண்டும் திரும்பி வருகின்றன. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டுவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். புதிதாக ஜிம்முக்குப் போகிறவருக்குக் கொழுப்புக் குறைந்து தசை கூடினால் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். காற்சட்டை மட்டும் லூசாகும்.

மருத்துவக் காரணங்களும் இருக்கின்றன. தைரொயிட் சுரப்புக் குறைந்தாலோ, சூலகக் கட்டிப் பிரச்சினை என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் இருந்தாலோ, ஸ்ரெரொயிட், இன்சுலின், சில மனநல மருந்துகள் எடுத்தாலோ நிறை ஏறலாம், இறங்க மறுக்கலாம். களைப்பு, முடி கொட்டுதல், மாதவிடாய் குழம்புதல் எல்லாம் சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் கேட்டு இரத்தம் சோதிப்பது புத்தி. மருந்துதான் காரணம் என்று நினைத்து அதைத் தானாக நிப்பாட்டுவது புத்தியில்லை.

சரி, இவ்வளவும் சொல்லி "அப்ப நடந்து என்ன பிரயோசனம்" என்ற இடத்துக்கா வருகிறோம்? இல்லை. எங்களுக்கு மிகப் பிடித்த ஆய்வு இங்கேதான் வருகிறது. அது எங்களைப் போலச் சோறு தின்னும் ஆட்களிடம், சென்னையில் நடந்தது. வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவு வரும் கட்டத்தில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது ஆலோசனை மட்டும்தான்: தினமும் அரை மணித்தியாலமாவது நட, சீனியையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. 2006 இல் முடிவு வந்தது. ஆலோசனை பெற்றவர்களிடம் நீரிழிவு வருவது 28.5 வீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய நிறையோ சொல்லும்படி குறையவேயில்லை. தராசைக் கேட்டிருந்தால் "எல்லாரும் பெயில்" என்று சொல்லியிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஓர் ஆய்வு நடந்தது. 2002 இல் வந்த முடிவின்படி, கிழமைக்கு 150 நிமிச உடற்பயிற்சியும் அளவான சாப்பாடும் நீரிழிவை 58 வீதம் குறைத்தன. அங்கே நிறையும் குறைந்தது. நிறை குறைந்தால் நன்மை கூட என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பத்து வருசம் கழித்துப் பார்த்தபோது குறைந்த நிறையில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. அப்போதும் அவர்களிடம் நீரிழிவு மற்றவர்களிலும் பார்க்க 34 வீதம் குறைவாகவே இருந்தது.

தராசு மறுபக்கமும் ஏமாற்றும். 2004 இல் லான்செற் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் வந்தது. ஒருவர் பூனாவைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசிய உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பைப் பதுக்கி வைக்கும். ஆகவே "நான் மெல்லிசுதானே" என்று மோட்டசைக்கிளில் முச்சந்திக் கடைக்குப் போய்க் கொத்து சாப்பிடும் தம்பிமாரும் இந்தக் கட்டுரைக்கு வெளியே இல்லை.

பிறகு ஏன் எல்லாரும் தராசையே பிடித்துத் தொங்குகிறோம்? எங்கள் ஊரில் நிறை என்பது சுகாதாரக் கதை இல்லை, பார்வைக் கதை. கோயில் வீதியில் கண்டதும் "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டீர் போல கிடக்கு" என்பதுதான் சுகம் விசாரிப்பு. கலியாணப் பேச்சில் பெண்ணின் படத்தைப் பார்த்து "கொஞ்சம் குறைச்சால் நல்லம்" என்று சொல்ல எவருக்கும் கூச்சமில்லை. சொல்லும் ஐயாவின் வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வெட்கத்தை நம்பித்தான் பேஸ்புக்கில் "பத்து நாளில் பத்துக் கிலோ" மாவும் குளிசையும் விற்கிறார்கள். இருதயத்துக்கு ஆபத்து என்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, மூலிகை என்று பெயர் போட்ட மெலிவுப் பொருட்களுக்குள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. காசு போவது ஒரு பக்கம், உயிரும் சேர்ந்து போகலாம்.

அதே பெண் நடக்கப் போனாலோ, பின்னால் கட்டாக்காலி நாய், பக்கத்தில் ஹோர்ன் அடித்து வேகம் குறைக்கும் மோட்டசைக்கிள், எரியாத வீதி விளக்கு, "இந்த நேரத்தில எங்க போறாய்" என்ற வீட்டுக் குரல். உடம்பைக் குறை என்று சொல்லும் சமூகம் அந்த உடம்பு நடக்க ஒரு ஒழுங்கை தரவில்லை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. தராசை வீட்டுக்குள் வைத்திருங்கள், ஆனால் நீதிபதி ஆக்காதேங்கோ. அதைவிட நல்ல சாட்சிகள் இருக்கின்றன. தையலுக்கு அளவெடுக்கும் ரேப்பால் மாசத்துக்கு ஒருக்கா இடுப்பை அளவுங்கோ. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90, அதற்கு மேலே போனால் கவனம். வருசத்துக்கு ஒருக்கா சீனியும் பிரஷரும் பாருங்கோ. மாடிப்படி ஏறினால் மூச்சு எவ்வளவு வாங்குகிறது, இரவில் நித்திரை எப்படி என்று கவனியுங்கோ. கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் விட்டு, சோற்றைக் கால்வாசிக்குக் கொண்டு வாருங்கோ. தேத்தண்ணிச் சீனியை மாசத்துக்கு அரைக் கரண்டி என்று இறக்குங்கோ, நாக்கு பழகிவிடும். வீட்டில் ஒருவர் மட்டும் டயட் பிடிக்க, மற்றவர்கள் முன்னால் இருந்து கோழிப்பொரியல் சாப்பிடும் ஏற்பாடு ஒரு நாளும் சரிவராது. சமைப்பதும் நடப்பதும் முழு வீட்டுக்குமான வேலை.

பிரதேச சபைகளிடம் கேட்பதும் ஒன்று இருக்கிறது. வீதி விளக்கு, நடைபாதை, நாய்களுக்கு ஒரு வழி. இவையும் நீரிழிவு மருந்துகள்தான்.

கோயில் வீதியில், கலியாண வீட்டில் ஆளைக் கண்டால் நிறையைப் பற்றி வாய் திறக்காதேங்கோ. கேட்கத்தான் வேண்டும் என்றால், "இப்பவும் நடக்கிறீரோ?" என்று கேளுங்கோ. "ஓம்" என்று பதில் வந்தால் போதும், நாளைக்கு நீங்களும் கூடப் போங்கோ.