முதலாளி என்ற பட்டமும் சம்பளமில்லாத காத்திருப்பும்

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மருமகள் ஒருத்தியின் திருமணத்துக்காக ரொறன்ரோ சென்றிருந்தேன். திருமணம் முடிந்த மறுவாரம் ஸ்காபரோவில் நடந்த ஒரு மண்டபக் கூட்டத்துக்கும் அழைத்துச் சென்றார்கள். மேடையில் பேசிய அன்பர் ஒருவர், எமது இளைஞர்கள் இனிமேலும் பிறரிடம் கைகட்டி நின்று வேலை செய்யலாகாது என்றும், கையிருப்பில் கொஞ்சம் பணமும் ஒரு வானும் இருந்தாலே போதும், அமெரிக்க எல்லையைக் கடந்து சரக்கேற்றி மூன்றே ஆண்டுகளில் முதலாளியாகிவிடலாம் என்றும் முழங்கினார். மண்டபம் கைதட்டியது. அப்படியான வான் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவரும் என் நண்பன் பக்கத்து நாற்காலியில் கண்மூடி இருந்தான். நீ ஏன் கைதட்டவில்லை என்று கேட்டேன்.

"கை தட்டினா நித்திரை குழம்பிப்போம் மச்சான். விடியக் காலமைதான் கென்ரக்கியிலயிருந்து வந்தனான்."

1990களில் கொழும்பில் நானும் அவனும் ஒரே நாளிதழில் வேலை பார்த்தோம். நான் உதவி ஆசிரியன், அவன் ஒப்புநோக்காளன். ரகர றகரம் பிழைத்துவிட்டால் ஆசிரியரையே அழைத்துத் திருத்தவைக்கும் அளவுக்குத் தமிழறிவும் பிடிவாதமும் உள்ளவன். 1998 இல் கனடா போனான். தொழிற்சாலை, உணவகம், மீண்டும் தொழிற்சாலை என்று சுற்றிவந்து 2011 இல் வான் வாங்கினான்.

வட அமெரிக்காவில் இந்தத் தொழிலை எக்ஸ்பெடைட் என்கிறார்கள். அவசரச் சரக்கு ஓட்டம் என்று நாம் சொல்லலாம். வழக்கமான பாரவூர்தி பல வாடிக்கையாளரின் பொருட்களைச் சேர்த்து ஆறுதலாகக் கொண்டுபோகும். அவசர ஓட்டத்திலோ ஒரு வாகனத்தில் ஒரேயொரு சரக்கு, ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடத்துக்கு நேரே போகவேண்டும். கார்கோ வான் முதல், படுக்கை வைத்த பெட்டி லொறி வரை இதில் ஓடுகின்றன. பெட்டி லொறிகளில் கணவனும் மனைவியுமாக மாறி மாறி ஓட்டுவோர் நிறையப் பேர். ஒஹாயோவின் அக்ரன் நகரில் இயங்கி, 2000 இல் பெடெக்ஸ் கஸ்ரம் கிறிற்றிக்கல் எனப் பெயர் மாறிய ரொபேர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் போன்ற நிறுவனங்கள் இதைத் தனித் தொழிலாக வளர்த்தெடுத்தன.

ஆனால் இத்தொழிலின் உண்மையான தாய், வாகன உற்பத்தி ஆலைகள் ரொயோட்டாவிடம் கற்றுக்கொண்ட 'வேண்டிய நேரத்துக்கு மட்டும்' என்ற முறைதான். உதிரிப்பாகங்களைக் களஞ்சியத்தில் சேர்த்துவைப்பது வீண்செலவு, தேவைப்படும் மணித்தியாலத்தில் வாசலுக்கு வந்தாற் போதும் என்பது அதன் சாரம். கணக்கு எங்கோ பிசகி ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும் ஆலை நின்றுவிடும். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான டொலர் நட்டம். அப்போதுதான் என் நண்பனின் தொலைபேசி ஒலிக்கும். களஞ்சியம் கட்டாமல் ஆலை மிச்சம்பிடித்த பணத்தின் மறுபக்கம் அவனுடைய நித்திரை என்று நான் சொன்னால் அது மிகையல்ல.

வருமானத்தைப் பார்ப்போம். மிசிசாகாவிலிருந்து கென்ரக்கி மாநிலத்தின் ஜோர்ஜ்ரவுனுக்கு, 1988 முதல் ரொயோட்டா ஆலை இயங்கும் ஊருக்கு, ஏறத்தாழ 550 மைல். தன் கணக்கை அவனே ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினான். நல்ல காலத்தில் சரக்கோடு ஓடும் மைலுக்கு 1 டொலர், ஆக 550 டொலர். திரும்பிவரும் வழியில் சரக்குக் கிடைக்காவிட்டால் அந்த மைல்களுக்குக் காசில்லை. கனேடியச் சாரதிக்கு இங்கே இன்னொரு கட்டும் உண்டு. அமெரிக்காவின் ஓரிடத்தில் ஏற்றி அமெரிக்காவின் இன்னோரிடத்தில் இறக்குவதற்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அவனுக்கு அனுமதியில்லை. கனடாவுக்கு வரும் சரக்கையே அவன் தேடவேண்டும். அது கிடைக்கும்வரை வாகனத் தரிப்பிடத்தில் படுத்திருக்க வேண்டும், அல்லது வெறும் வானோடு திரும்ப வேண்டும். போகவர எரிபொருளுக்கு 300 டொலர் போனால் மிச்சம் 250. அதற்குள் காப்புறுதி, டயர், எண்ணெய் மாற்றம், வானின் மாதத் தவணை எல்லாம் அடங்கவேண்டும். இரண்டு நாள் உழைப்பின் கதை இது.

ஏற்றமே இல்லையா என்றால், இருந்தது. 2020 மார்ச்சில் வாகன ஆலைகள் மூடப்பட்டு இரண்டு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்தவன், அதன்பின் முகக்கவசமும் மருத்துவ உபகரணமும் ஏற்றினான். 2021 இல் சிப் தட்டுப்பாடு வந்தது. கிடைத்த பாகத்தைக் கிடைத்த விலைக்கு உடனே கொண்டுவா என்று ஆலைகள் அலறின. முன்பு மூன்று மாதம் உழைத்ததை ஒரே மாதத்தில் உழைத்த நாட்களும் அவனுக்கு உண்டு. அந்த மகிழ்ச்சியில் இரண்டாவது வான் ஒன்று வாங்கிவிட்டான். மேடையில் முழங்கிய அன்பர் சுட்டிக்காட்டும் உதாரணங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றரை ஆண்டுக்குரியவையே. 2022 இன் நடுப்பகுதியிலிருந்து சரக்கு குறைந்தது, கூலி விழுந்தது. அதே கோடையில் அமெரிக்காவில் டீசல் கலன் 5 டொலரைத் தாண்டியிருந்தது. இரண்டாவது வானை நட்டத்துக்கு விற்றான். 2023 இல் யெலோ என்ற பழம்பெரும் பாரவூர்தி நிறுவனமே ஏறத்தாழ 30,000 பேரின் வேலையோடு சரிந்ததென்றால், ஒற்றை வான்காரன் எம்மாத்திரம்?

ஏற்ற இறக்கம் எல்லா வணிகத்திலும் உண்டு என்பார்கள். என் வழக்கு அதுபற்றியதல்ல. இறக்கத்தில் பங்கு கேட்பவனுக்கு ஏற்றத்தில் விலைபேசும் உரிமை இருக்கவேண்டும். என் நண்பனுக்கு எது இருக்கிறது? சரக்கின் விலையைத் தீர்மானிப்பது அவனல்ல. வாடிக்கையாளர் யாரென்பதும் பலவேளை ஏற்றும் இடத்துக்குப் போனபின்னரே தெரியும். தொலைபேசியில் வரும் அழைப்புக்குச் சில நிமிடத்துக்குள் ஆம் அல்லது இல்லை சொல்லவேண்டும். இல்லை என்று அடிக்கடி சொன்னால் அழைப்புக் குறைந்துவிடும். வண்டி அவனுடையது, கடன் அவனுடையது, விபத்து அவனுடையது. வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, சம்பளத்தோடு விடுமுறை இல்லை, ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கையும் அவனே கட்டவேண்டும். முதலாளிக்குரிய நட்டமெல்லாம் சேர்ந்த தொழிலாளிக்கு 'ஓனர் ஒபரேற்றர்' என்று ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள். சொற்களோடு முப்பது ஆண்டு மாரடித்தவன் என்ற வகையில் சொல்கிறேன், இப்படியொரு எழுத்துப்பிழையை அந்த ஒப்புநோக்காளன் தன் வாழ்நாளிலே கண்டிருக்கமாட்டான்.

காத்திருப்புத்தான் இதில் மிகப் பெரிய களவு. ஏற்றுமிடத்தில் சரக்கு ஆயத்தமில்லை, இறக்குமிடத்தில் கதவு காலியில்லை என்று மணிக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றுமில்லை என்பதே பொதுவான வழக்கம். அதற்கு மேலும் கிடைத்தால் உண்டு. 2018 இல் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய தாமதங்களால் வாடகைப் பாரவூர்திச் சாரதிகள் ஆண்டுக்கு 110 முதல் 130 கோடி டொலர் வரை இழக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. தரித்துநிற்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால் விபத்து வீதம் 6.2 சதவீதம் உயரலாம் என்பதும் அதே அறிக்கையில் உள்ளது. காத்திருந்து இழந்ததை ஓடிப் பிடிக்க முயல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி எது?

பெரிய பாரவூர்திக்காவது சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டமுடியாது, இடையில் 10 மணித்தியால ஓய்வு வேண்டும். 2017 டிசம்பர் முதல் மின்னணுப் பதிவுக்கருவியும் கட்டாயம். கனடாவில் 13 மணித்தியாலம். ஆனால் அந்த விதிகள் எடை பார்த்தே தொடங்குகின்றன, அமெரிக்காவில் 10,001 இறாத்தலில், கனடாவில் 4,500 கிலோகிராமுக்கு மேல். என் நண்பனின் வான் அதற்குள் வராது. அபாயகரமான பொருளை ஏற்றாத வரையில் அவன் எத்தனை மணித்தியாலம் விழித்திருந்து ஓட்டினான் என்று கேட்பதற்கு ஒரு விதியுமில்லை. சிறிய வானின் சாரதிக்குச் சிறிய நித்திரை போதும் என்று எந்த வைத்தியர் சொன்னாரோ!

2019 மாசி மாதம் அவன் ஓரிடத்தில் 14 மணித்தியாலம் காத்திருந்து, ஏற்றியதும் உடனே புறப்பட்டான். டெட்ரோயிட் பாலம் கடந்து, 401 நெடுஞ்சாலையில், தில்பரிக்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட பகுதி. விபத்துகளின் தொகையால் 'படுகொலைச் சந்து' என்று பெயரெடுத்த சாலை அது. தெருவோரத்துக் கரடுமுரடு டயரில் அதிர்ந்த சத்தத்தில்தான் கண் விழித்தான். வான் பாதி தெருவுக்கு வெளியே நின்றது. பனிக்குள் இறங்கி நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு மீண்டும் ஏறி ஓட்டினான். காலை ஆறு மணிக்குச் சரக்கு இறங்கவேண்டும். இதை அவன் மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு எழுத அனுமதி தந்தான், பெயரில்லாமல்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாமே என்று அந்தக் கூட்டத்தின் முடிவில் தேநீர்க் கோப்பையோடு ஒருவர் என்னிடம் வாதிட்டார். ஐம்பத்தைந்து வயதில், தவணை முடியாத வானோடு, எங்கே விட்டுவிடுவது? 2022 பெப்ரவரியில் அம்பாசடர் பாலத்தை மறித்து ஏறக்குறைய ஒரு வாரம் சுதந்திரம், சுதந்திரம் என்று கோஷமிட்டார்கள். அந்த ஒரு வாரமும் அவன் சார்ணியா வழியாகச் சுற்றியோடி நட்டப்பட்டான். மறித்தவர்களின் கோரிக்கை தடுப்பூசிக் கட்டாயத்துக்கு எதிரானது. காத்திருப்புக்குக் கூலி வேண்டும் என்று ஒரு பதாகையையும் அவன் காணவில்லையாம்.

இதையெல்லாம் எழுதும் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. எங்கள் நாளிதழின் விநியோக வான் சாரதிகள் நிரந்தர ஊழியர்கள். அச்சு இயந்திரம் பழுதாகி விடியற்காலம் வரை கட்டுகளுக்காகக் காத்திருந்தால் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு, இரவுப்படி உண்டு. தாமதம் எங்களுடையது, ஆகவே செலவும் எங்களுடையது. அதனாலேயே நிருவாகம் இயந்திரத்தை விரைவில் திருத்தியது. அதே நாளிதழில் பிரதேசச் செய்தியாளர்களுக்கு மட்டும் பிரசுரமான செய்திக்கே காசு. சோதனைச் சாவடியில் அரைநாள் நின்று, துவிச்சக்கரவண்டியில் ஓடி அனுப்பிய செய்தி இடமின்மையால் விழுந்துபோனால் ஒன்றுமில்லை. அவர்களையும் சுதந்திரமான செய்தியாளர் என்றே அழைத்தோம். மாத முடிவில் அந்தக் கொடுப்பனவுப் பட்டியல்களில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். ஒருமுறைகூட நான் ஆட்சேபித்ததில்லை.

ஆகவே மேடையில் முழங்கிய அன்பருக்கு என் கோரிக்கை சிறியது. அடுத்த கூட்டத்தில் இளைஞர்களிடம் வான் வாங்கச் சொல்லுமுன், வாசலில் நிற்கும் முதல் மணித்தியாலத்திலிருந்தே கூலி வேண்டும் என்றும், வெறும் ஓட்டத்துக்கும் விலை வேண்டும் என்றும், 4,500 கிலோவுக்குக் குறைந்த வானின் சாரதிக்கும் ஓய்வுநேரச் சட்டம் வேண்டும் என்றும் ஒட்டாவாவுக்கு ஒரு மனு எழுதட்டும். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. அவன் நேற்றிரவு அனுப்பிய குறுஞ்செய்தி: "இண்டியானாவில நிக்கிறன். ஒன்பது மணித்தியாலம். சாமான் இன்னும் வரேல்லை."