ஏற்றி வந்தவரும் இறங்கியவரும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிப் பக்கமாக மலைமுகட்டை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு, ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி வந்த டாப் ஸ்டேஷன் நினைவுக்கு வரும். அந்த முகட்டின் மேல் கொடைக்கானலையும் மூணாற்றையும் இணைத்துச் சென்ற பழைய பாதையை, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜப்பானியப் படை தென்கரையில் இறங்கிவிட்டால் ஆங்கிலேயர்கள் கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்கென்று அரசாங்கம் செப்பனிட்டு வைத்தது என்பதும், அதனாலேயே ‘எஸ்கேப் ரோடு’ என்னும் பெயர் அதற்கு நிலைத்தது என்பதும் இப்பிரதேசத்தில் பலரும் அறிந்த செய்தியே. ஆனால், ஆள்வோர் நாட்டை விட்டு வெளியேறும் வழியைச் சீர்செய்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டிலேயே, அதே நாட்டுக்குள் இரகசியமாக நுழையும் வழியைத் தேடி, உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து வந்த இளைஞர்கள் சிலர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பினாங்கில், இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள் சுவராஜ் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் நடத்திய இரகசியப் பயிற்சிக்கூடத்தில் தேர்ந்த அந்த இளைஞர்களில் ஒரு குழுவினர், 1942 செப்டம்பர் இறுதியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ரப்பர் படகில் ஏறி மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினர். மற்றொரு குழு கத்தியவார் கரையை அடைந்தது. வேறு சிலர் பர்மா எல்லையைத் தாண்டித் தரைவழியே வந்தனர். எல்லாருமே விரைவில் பிடிபட்டார்கள். அவர்கள் பிடிபட்ட பிறகு 1943-ல் பிறப்பிக்கப்பட்ட எதிரி ஒற்றர் அவசரச் சட்டத்தின்படி, பொதுமக்கள் பார்வைக்கு எட்டாத விசாரணை ஒன்று சென்னையில் நடந்தது. ஏலமலைக்கு அப்பால் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமாயிருந்த நாட்டைச் சேர்ந்த வக்கம் காதர், அதே நாட்டின் அனந்தன், வங்காளியான சத்தியேந்திர சந்திர பர்தன், பஞ்சாபியான ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு மரண தண்டனை விதிக்கப்பெற்ற போனிஃபேஸ் பெரேரா என்பவர் மட்டும் மேல்முறையீட்டில் உயிர் தப்பினார். காதருக்கு அப்போது வயது இருபத்தாறு.

இந்த நால்வரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் பாராசூட் கட்டிக் குதித்த ஒரு யூதப் பெண்ணை என் மனம் அவர்களருகே நிறுத்திப் பார்க்கிறது. புடாபெஸ்ட் நகரில் பிறந்து, 1939-ல் பாலஸ்தீனத்துக்குக் குடியேறி, விவசாயப் பண்ணையில் உழைத்துக்கொண்டிருந்த ஹன்னா செனெஷ், எதிரியின் பிடியிலிருந்த நாடுகளுக்குள் பாலஸ்தீனத்து யூதர்கள் அனுப்பிய முப்பத்துச் சொச்சம் தொண்டர்களில் ஒருத்தியாக, பிரிட்டிஷ் சீருடை தரித்து, 1944 மார்ச் நடுவில் யூகோஸ்லாவியாவில் குதித்தாள். குதித்த சில நாட்களிலேயே ஜெர்மன் படை அவளுடைய தாய்நாடான ஹங்கேரியைக் கைப்பற்றிற்று. மே நடுவிலிருந்து ஜூலை முற்பகுதி வரையிலான எட்டே வாரங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரி யூதர்கள் ரயில்களில் அடைக்கப்பட்டு, பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்த ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான் அவள் எல்லையைக் கடந்தாள், கடந்தவுடன் பிடிபட்டாள். அவளுடைய ரேடியோவின் சங்கேதத்தைச் சொல்லும்படி அடித்து வதைத்தும் பயனின்றிப் போகவே, பெற்ற தாயைச் சிறைக்குக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். அப்போதும் அவள் சொல்லவில்லை. நவம்பர் 7-ஆம் தேதி, இருபத்துமூன்றாம் வயதில், சுட்டுக் கொல்லப்பட்டாள்.

ஆங்கில அரசாங்கம் அவளை ஏற்றிச் சென்றது, எதிரி மண்ணில் வீழ்ந்த விமானிகளை மீட்பது முதலிய தன் யுத்த காரியங்களுக்காக. அவள் ஏறிச் சென்றதோ, அழிந்துகொண்டிருந்த தன் ஜனங்களுக்காக. காதரையும் அவர் தோழர்களையும் ஜப்பான் ஏற்றி வந்தது தன் சாம்ராஜ்ய லாபத்துக்காக. அவர்கள் ஏறி வந்ததோ இந்தியாவின் விடுதலைக்காக. ஹன்னாவுக்கு வாகனம் தந்த அதே ஆங்கில அரசுதான் காதரின் கழுத்தில் கயிற்றை மாட்டியது. காதருக்கு வாகனம் தந்த ஜப்பானோ, ஹன்னாவைக் கொன்றவர்களின் நேசநாடு. இந்த முடிச்சைக் கண்டு திகைத்து, ஒரு சாராரைத் தியாகிகள் என்றும் மறு சாராரைக் கைக்கூலிகள் என்றும் கூறிவிடுவது எளிது. அது நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். தன் உயிரை ஒப்புக்கொடுத்துச் செல்பவனை, அவன் யார் பொருட்டுச் சென்றான் என்பதைக் கொண்டே அளவிட வேண்டும்.

அதற்காக, வாகனம் யாருடையது என்பதை மறைக்கவும் நமக்கு உரிமையில்லை. தமிழராகிய நமக்கு அந்த உரிமை சிறிதும் இல்லை. ஏனெனில், அந்த நீர்மூழ்கிக் கப்பலை அனுப்பிய அதே ஜப்பான், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்க் கூலிகளை ஆசை காட்டியும் பலவந்தமாகவும் வாரிச் சென்று, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள மரண ரயில்பாதையைப் போட வைத்தது. காலராவும் பட்டினியும் பிரம்படியுமாக அங்கே மாண்ட தமிழர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிச் செல்லும் கூலி ஜனங்கள் வாழும் நம் போடியில், தோட்டக் கூலிகளுக்கு நேர்ந்த அக்கொடுமையைச் சொல்லாமல் நால்வரின் புகழை மட்டும் சொல்வது அரை உண்மையாகவே முடியும்.

அவர்கள் சாதித்ததென்ன என்று கேட்போர் உண்டு. ராணுவக் கணக்குப்படி பார்த்தால் காதர் குழுவும் சாதிக்கவில்லை, ஹன்னாவும் சாதிக்கவில்லை. ஆயினும் ஹன்னாவின் ஜனங்கள், நாடு பெற்ற இரண்டாம் ஆண்டான 1950-லேயே அவளுடைய எலும்புகளைப் புடாபெஸ்டிலிருந்து கொண்டுவந்து ஜெருசலேமின் ஹெர்சல் மலையில் அடக்கம் செய்தார்கள். தோல்வியுற்றவளாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த அந்தப் பழைய சிறை 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டு, பின்னர் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. இன்று அங்கே சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் நடமாடுகிறார்கள். 2023 முதல் நம் போடியிலிருந்தே ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்க முடிகிறது. இறங்குகிறவர்கள் சிறிது தூரம் நடந்து சென்று காணும்படி, அவ்வளாகத்தில் வழிப்போக்கர் எவரும் படிக்கத்தக்க பெரிய கல் ஒன்று நிற்க வேண்டும். நால்வரின் பெயர்களும் தூக்கிலிடப்பட்ட தேதியும் தமிழிலும் மலையாளத்திலும் வங்காளியிலும் பஞ்சாபியிலும் அதில் பொறிக்கப்பட வேண்டும். அவர்களை எந்த நாடு அனுப்பியது என்பதும், அந்த நாடு சயாமில் தமிழர்களுக்கு என்ன செய்தது என்பதும் அதே கல்லில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சரித்திரப் பாடத்திலும் இவ்விரண்டையும் சேர்த்தே அச்சிடும்படி கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.