ஓரெழுத்துப் பிழையும் ஒரு பழைய வானொலியும்



கடந்த பள்ளி விடுமுறையில், என் மாணவி ஒருத்தியின் தந்தையார் தம் வீட்டிலிருந்த பழைய வானொலிப் பெட்டியை எனக்குக் காட்டினார். 1950களில் அவருடைய தந்தையார் வாங்கிய மரப்பெட்டி அது. ஜார்ஜ்டவுனில் உள்ள ஓர் உணவகத்தார் அதை அலங்காரத்திற்குக் கேட்டிருக்கிறார்களாம். உள்ளே இருப்பவற்றைக் கழற்றி வீசிவிட்டுப் புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்தப் போகிறார்களாம்.

"வால்வு போய்விட்டது சார். இனி அதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது?" என்றார்.

அந்த ஒரு வரியில் இரண்டு தீர்ப்புகள் இருந்தன. பழுது வால்வில்தான் என்பது ஒன்று. வால்வு இனிக் கிடைக்காது என்பது மற்றொன்று. இரண்டுமே சோதித்துப் பாராமல் சொல்லப்பட்டவை. இரண்டாவது தீர்ப்பை நான் அன்றே மறுத்தேன். முதலாவதை நானும் நம்பினேன். அதனால் நல்ல வால்வு ஒன்றைக் கெடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வால்வு என நாம் அழைக்கும் வெற்றிடக் குழாய், காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே இருக்கும் வெப்ப இழை சூடேறும்போது எதிர்மின்னணுக்கள் வெளிப்பட்டு வெற்றிடத்தைக் கடந்து மறுமுனையை அடைகின்றன. 1904-இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் இரு முனை கொண்ட குழாயை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இடையில் ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். அவ்வலையில் படும் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிப் படைத்தது. வானில் வந்த மெல்லிய அலை, வீடு நிறைக்கும் குரலாக மாற வழி பிறந்தது.

பினாங்குக்கும் இக்குழாய்க்கும் பழைய உறவு உண்டு. 1934-இல் பினாங்கு வானொலிச் சங்கத்தார் 'இசட்.எச்.ஜே.' என்ற நிலையத்தைத் தொடங்கி, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பினார்கள். அக்குரலைக் கேட்ட பெட்டிகள் யாவும் வால்வுப் பெட்டிகளே. அந்த வால்வுகளை வீட்டைவிட்டு விரட்டிய குறைமின்கடத்தித் தொழிலும் பின்னாளில் இத்தீவுக்கே வந்தது. 1947-இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் அமைத்தது. நம் மாணவர்களின் பெற்றோரில் எத்தனை பேர் இன்று பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வேலை செய்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

பெட்டியை இயக்கினால் சற்று நேரம் குரல் வரும். பிறகு கரகரத்து நசுங்கிவிடும். ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வே குற்றவாளி என்று முடிவு செய்தேன். அதன் மேல் 'இ.எல். 84' என்று அச்சிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். முன்பு பிந்தால் தாலி சாலையில் நடந்த அதே சந்தைதான் இது. கைக்கடிகாரங்கள், பழைய நாணயங்கள், துருப்பிடித்த கருவிகள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டியில் வால்வுகள் கிடந்தன. '84' என்ற எண்ணைக் கண்டதும் மகிழ்ந்து வாங்கி வந்துவிட்டேன். பொருத்தினால் இழை ஒளிரவேயில்லை. கண்ணாடியை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். அது 'யு.எல். 84'.

ல, ழ, ள பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடும் தமிழாசிரியன் நான். ஓரெழுத்தில் ஏமாந்தேன்!

ஐரோப்பிய வால்வுகளின் பெயர் ஒரு சிறு இலக்கணம். முதலெழுத்து வெப்ப இழையைக் குறிக்கும். 'இ' என்றால் 6.3 வோல்ட்டு. 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் வரிசையாக இணைக்கப்படும் வகை, யு.எல். 84-இன் இழைக்கு 45 வோல்ட்டு வேண்டும். 'டி' என்றால் 1.4 வோல்ட்டு, மின்சாரம் எட்டாத இடங்களில் மின்கலத்தால் ஓடிய பெட்டிகளில் இருந்தவை இவை. அடுத்த எழுத்துகள் வால்வின் பணியைச் சொல்லும். 'எல்' ஒலிபெருக்கியை இயக்குவது. 'இசட்' மாறுமின்னோட்டத்தை நேராக்குவது. எண்ணின் முதல் இலக்கம் அடிப்பகுதியைக் காட்டும். 8 என்றால் ஒன்பது கால். 9 என்றால் ஏழு கால்.

அமெரிக்கர்கள் வேறு முறையில் பெயரிட்டார்கள். ஆகவே ஒரே வால்வுக்கு இரு பெயர்கள் உண்டு. இ.எல். 84-ஐத் தேடுபவர் '6பி.கியூ.5' என்ற பெயரையும் தெரிந்திருக்க வேண்டும், இ.சி.எச். 81-ஐத் தேடுபவர் '6ஏ.ஜே.8' என்பதை அறிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாதவருக்குப் பொருள் கண்ணெதிரே கிடந்தாலும் கிடைக்காததுதான்.

இரண்டாம் முறை சரியான வால்வையே வாங்கிப் பொருத்தினேன். கால் மணி நேரம் இனிமையாகப் பாடியது. பிறகு மீண்டும் அதே கரகரப்பு. வால்வின் உள்ளிருந்த தகடு செக்கச் சிவந்து கொதித்தது. அணைத்துவிட்டு, வானொலி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிச் சென்றேன்.

அவர் வால்வைப் பார்க்கவே இல்லை. அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து ஒலியைக் கொண்டுவரும் காகித மின்தேக்கியை மல்டிமீட்டரால் சோதித்தார். "கண்டென்சர் ஒழுகுது வாத்தியாரே. வராத கரண்டெல்லாம் வால்வுக்கு வருது. நீங்க பத்து வால்வு மாத்தினாலும் பத்தும் போயிரும்" என்றார். சில ரிங்கிட் விலையுள்ள மின்தேக்கியை மாற்றினார். கழற்றி வைத்திருந்த பழைய வால்வையே திரும்பச் செருகினார். பெட்டி பாடியது. கெட்டுப்போனது நான் வாங்கிய புதிய வால்வுதான்!

ஆகவே, பழைய வானொலியைச் சீராக்க விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான்: வால்வைத் தேடுமுன் நோயைத் தேடுங்கள். காகித மின்தேக்கிகள் முதுமையில் பெரும்பாலும் கெட்டுவிடும். வால்வு அவற்றைவிட நெடுநாள் உழைக்கும். வால்வுதான் தேவை என்று உறுதியானால், குப்பியின் உட்புறத்தில் உள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வாங்காதீர்கள். மேலே உள்ள எழுத்தைத் துடைக்காதீர்கள். எளிதில் அழிந்து, பெயரில்லாத வால்வாகிவிடும். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இன்னமும் வால்வுகள் செய்கிறார்கள். ஆனால், இசைக்கருவி ஒலிபெருக்கிகளுக்குத் தேவையான இ.எல். 84 போன்ற வகைகளே புதிதாக வருகின்றன. வானொலி அலையை மாற்றித் தரும் இ.சி.எச். 81 போன்றவற்றுக்குப் பழைய இருப்பைத்தான் நாட வேண்டும். அவற்றை வைத்திருப்பவர்கள், கடையை மூடிவிட்ட பழுதுபார்ப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தாம். தகரப் பெட்டியில் கிடக்கும் கண்ணாடிக் குப்பிகளைக் குப்பை என்று எண்ணி வீசிவிடாதீர்கள் என்று அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்பெட்டிகளின் உள்ளே 250 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கக்கூடும். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். 'யு' வகைப் பெட்டிகளில் உலோகச் சட்டமே மின்சாரத்தோடு நேரடியாக இணைந்திருக்கக்கூடும். மாணவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது.

"இவ்வளவு பாடுபட்டுச் சீராக்கி எதைக் கேட்பது?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வி. 1941 முதல் சிற்றலையில் ஒலித்த பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றுவிட்டது. நடு அலையிலும் பழைய கூட்டம் இல்லை. ஆனால், பெட்டியின் பின்புறத்தில் இசைத்தட்டு இயந்திரத்திற்கென ஓர் இணைப்பு இருந்தது. மின்மாற்றி உள்ள பெட்டி என்பதை உறுதி செய்துகொண்ட பின், பெரியவர் கைப்பேசியின் ஒலியை அதன் வழியே செலுத்தினார். மின்னல் பண்பலை, அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வால்வுகளின் வழியே அந்த வீட்டில் ஒலித்தது. குடலை உருவி எறிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. உணவகத்தாருக்கு வேறு பெட்டி பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியர் என்ற முறையில் இதையும் சொல்லியாக வேண்டும். நான்காம் ஆண்டில் கணக்கில் தடுமாறும் பிள்ளையைக் கண்டதும், "இவனுக்கு வராது" என்று கடைசி வால்வின் மேல் பழி போடுகிறோம். ஒழுகல் முதலாம் ஆண்டிலேயே தொடங்கியிருக்கலாம், வாசிப்பில் இருக்கலாம், கண் பார்வையில்கூட இருக்கலாம். வகுப்பை மாற்றுகிறோம், துணைப்பாட வகுப்பை மாற்றுகிறோம், சில வேளைகளில் பள்ளியையே மாற்றுகிறோம். முந்தைய கட்டத்தைச் சோதிக்க மட்டும் நமக்குப் பொறுமை இருப்பதில்லை. அந்தப் பெரியவருக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லாததால் ஒரு வால்வு போயிற்று. வால்வு என்றால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். விற்குமுன், அதை வாங்கியவர் யார், அதில் எதைக் கேட்டார்கள் என்று பாட்டி தாத்தாவிடம் உங்கள் பிள்ளை கேட்டு எழுதட்டும். அதைவிடச் சிறந்த கட்டுரைத் தலைப்பை என்னால் தர இயலாது.