உழைச்செல்வான் எங்கே?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். நோயுற்றவன் ஒருவன்; அதனைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன்; மருந்து ஒன்று; நான்காவதாக நிற்பவன் உழைச்செல்வான். நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தைத் தவறாது செய்து கொடுப்பவன் என்பது இதற்குப் பொருள். வகுப்பிலே இக்குறளைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் முதல் மூன்றினையும் மாணாக்கர் எளிதில் விளங்கிக்கொள்வர். நான்காமவனைக் குறித்தே, “ஐயா, அவர் தாதியா, மருந்து கலப்பவரா?” என்று வினவுவர். முன்னெல்லாம் ஏதோ ஒரு விடை கூறி அப்பாற் சென்றுவிடுவேன். இன்று அவ்வாறு செல்ல மனம் ஒப்பவில்லை.

2010ஆம் ஆண்டளவில், மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் என்னிடம் கற்ற மாணாக்கன் ஒருவனின் தந்தைக்கு வாயிலே புற்றுநோய் கண்டது. அவர் கடற்றொழிலாளி. வெற்றிலையும் புகையிலையுமே இராக்கடலில் அவருக்குத் துணை. தொலைவிலுள்ள நகரொன்றின் வைத்தியசாலையிற் கதிர்ச் சிகிச்சை பெறும்படி அவரை அனுப்பினர். இரண்டு கிழமை கழியுமுன் பையுங் கையுமாகத் திரும்பிவிட்டார், பின்னர்ப் போகவேயில்லை. காரணங் கேட்டேன். “மாஸ்டர், முகத்தை ஒரு வலையால் மூடிப் பலகையோடு பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எங்கிருந்தோ ஒரு குரல் என்னவோ சொல்லுகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடலுக்குள்ளே தாழ்ந்து போகிறவன் மாதிரிக் கிடந்தேன்” என்றார். ஓராண்டின்பின் அவர் காலமானார்.

யாரையுங் குறை கூறுதற்கு இதனை எழுதினேனல்லேன். அங்கிருந்தோர் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தனர். இவர் மொழியை அவர் அறியார், அவர் மொழியை இவர் அறியார், அவ்வளவே. சிகிச்சை முற்றுப் பெற்றிருப்பின் அவர் பிழைத்திருப்பார் என்று சாதிக்கவும் யான் துணியேன். ஆயினும், அவரைத் திருப்பி அனுப்பியது நோயன்று, அச்சம் என்பதனை மறக்க முடியவில்லை.

அவர் கண்டு அஞ்சியது யாது? 1895ஆம் ஆண்டில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். கோபாற்றுக் கதிரைக் கொண்டு நோயாளர்க்குச் சிகிச்சை செய்யும் முறை 1951இல் கனடாவில் தொடங்கியது. இன்று நேர்கோட்டு முடுக்கி என்னும் பொறி இலத்திரன்களை மிகுவேகத்தில் முடுக்கி, அவற்றினின்றும் வலிய எக்ஸ் கதிரை எழுப்புகிறது. அக்கதிர் கலங்களின் உட்கருவைத் தாக்கிப் புற்றுக்கலம் பெருகாவண்ணம் தடுக்கும். நல்ல கலங்களும் தாக்குண்ணும். ஆனால் அவை தம்மைத் தாமே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் மிக்கவை. ஆதலின் வாய், தொண்டைப் புற்றுக்கு வேண்டிய கதிரை ஒரே நாளிற் கொடாது, வாரம் 5 நாளாக, 30 முதல் 35 தடவைகளாகப் பகுத்துக் கொடுக்கின்றனர். இடையிலே நாட்கள் தவறின், எஞ்சிய புற்றுக்கலங்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். நாள்தோறும் தலை ஒரே நிலையில் அசையாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே முகத்தின் வடிவாக அந்த வலைக்கவசத்தை அமைக்கின்றனர். ஏனையோர் வெளியே செல்வது, நாள் முழுதும் பலர்க்குச் சிகிச்சை செய்யும் அவர்கள்மீது கதிர் படலாகாது என்பதற்காக. வெளியே நின்றும் அவர்கள் திரையில் நோயாளியைப் பார்த்துக்கொண்டேயிருக்கின்றனர். ஒலிவாங்கி வழியே பேசுகின்றனர். அவர் கையசைத்தால் அக்கணமே பொறியை நிறுத்துவர்.

இவ்வளவையும் ஒருவர் தமிழிலே ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் அம்மனிதர் எழுந்தோடியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

அப்படிச் சொல்ல வேண்டியவர் யார்? கதிரின் அளவை வகுப்பவர் வைத்திய நிபுணர். அதனைக் கணித்துச் சரிபார்ப்பவர் பௌதிகவியலாளர். நாள்தோறும் நோயாளியைக் கிடத்தி, உடலில் இட்ட குறியோடு ஒளிக்கோட்டைப் பொருத்தி, பொறியை இயக்கி, தோல் சிவந்ததையும் வாய் வறண்டதையும் முதலிற் கண்டு வைத்தியருக்கு உரைப்பவர் கதிர்ச் சிகிச்சையாளர். வள்ளுவர் கூறிய நான்காமவர் இவரே. மருந்தைப் பிழையாமற் கொடுத்தல் என்பது இங்கே மில்லிமீற்றரால் அளக்கப்படுகிறது.

இந்நாட்டில் ஆண்களிடையே முதலிடம் பெற்ற புற்றுநோய் வாய்ப்புற்று. நம் கரையோரத்துக்கு இஃது அயலான் வீட்டுச் செய்தி அன்று. நல்ல காலமாக, பொறி நமக்குச் சற்று அண்மையில் வந்துள்ளது. 2011ஆம் ஆண்டில் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை மக்கள் பாதயாத்திரையாக நடந்து பொருள் திரட்ட, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதே 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டு, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணஞ் செல்லும் பாதை இலகுவாயிற்று. கட்டடத்தை நடந்தே கட்டினோம். பாலத்தைக் கடலின்மேற் போட்டோம். பக்கத்தே நிற்கும் மனிதரை எங்கிருந்து பெறப்போகிறோம்?

அமெரிக்காவிலே சமுதாயக் கல்லூரிகள் என்றொரு வகை உண்டு. ஊருக்கு அண்மையிலுள்ள அத்தகைய கல்லூரியில் ஏறத்தாழ ஈராண்டு கற்று, அயலிலுள்ள வைத்தியசாலையில் நோயாளிகளிடையே பயின்று, தேர்வெழுதிக் கதிர்ச் சிகிச்சையாளராவோர் அங்கே பலர். மீனவன் மகளும் வீட்டிலே சாப்பிட்டுக்கொண்டு கற்கலாம். நம் நாட்டில் அவ்வழி இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை மருத்துவ விஞ்ஞான பீடத்தில் இக்கலைக்கென ஒரு துறை உண்டு. கொழும்பிலும் பயிற்சி உண்டு. இரண்டுக்கும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானங் கற்றுத் தேற வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. அச்சலுகை நம் பிள்ளைகட்கு ஓரளவு துணை செய்யும். ஆனால் கரையோரக் கிராமத்திலே பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியர் நிலைத்து நில்லாதவிடத்து, அந்த வாயில் திறந்திருந்தும் பயன் என்ன? ஆசிரியர் வருகின்றனர்; இடமாற்றம் பெற்றுப் போகின்றனர். பிள்ளையோ கலைப்பிரிவுக்கு வந்து என்னிடம் தமிழ் கற்கிறாள். தமிழ் கற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. வேறு வழியின்றித் தமிழுக்கு வருவது தமிழுக்கும் பெருமையன்று, அவளுக்கும் நன்றன்று.

மன்னாரிலேயே இப்பொறியை நிறுவிப் பயிற்சிக் கல்லூரியையுந் தொடங்குக என்று சிலர் கூறுவர். ஆசை நன்று, ஆயினும் யான் அதனை வேண்டேன். கதிரைத் தடுக்கும் தடித்த சுவரும், நிபுணரும், பௌதிகவியலாளரும், பயில்வதற்குப் போதிய நோயாளரும் ஒருங்கே அமைந்தாலன்றி அது பெயர்ப்பலகையாகவே நிற்கும். நான் வேண்டுவன மூன்றே. கரையோரப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் ஐந்தாண்டாவது நிலைத்திருக்க வழி செய்க. மன்னாரிலிருந்து இக்கல்விக்குச் செல்லும் பிள்ளைக்கு ஊர்ச் சங்கங்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கூடித் தங்குமிடச் செலவையேனும் பொறுத்துக்கொள்க. மூன்றாவது, எங்கள் போன்றோர்க்கு உரியது: நோயாளிக்கு நாள்தோறும் சொல்ல வேண்டிய முப்பது நாற்பது வாக்கியங்களைத் தமிழ் ஆசிரியரும் வைத்தியரும் ஒருங்கிருந்து எளிய தமிழில் எழுதி, சிங்களம் பேசும் சிகிச்சையாளர் கையிற் கொடுப்போம். நம் பிள்ளைகளும் அவ்வாறே சிங்களம் கற்கட்டும். பூட்டிய அறையில் அச்சங் கொள்வோன் தமிழன் மட்டுமல்லன்.

பாடம் ஆங்கிலத்தில் நடப்பதை நான் எதிர்க்கவில்லை. பொறியோடு எம்மொழியிலும் பேசலாம். அதன் கீழே கிடப்பவனோடு அவன் தாய் அவனுக்குச் சொன்ன மொழியிலேதான் பேச வேண்டும்.

அரிப்பு, சிலாபத்துறைக் கடலிலே முன்னாளில் முத்துக்குளித்தோர் கல்லைக் காலிற் கட்டி ஆழத்திலே இறங்கினர். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பற்றியிருந்தான். கீழிருப்பவன் ஒருமுறை சுண்டினால் தூக்கிவிட வேண்டும். கைதேர்ந்தவன் என்பதற்காக மட்டும் யாரும் அக்கயிற்றை ஒருவன் கையிற் கொடுத்ததில்லை; நம்பத்தக்கவன் என்று அறிந்தே கொடுத்தனர். அந்த நம்பிக்கைக்குரிய கையை நம் கரையிலிருந்தே ஆக்கிக் கொடுத்தல் கூடும். இவ்வாண்டு உயர்தர வகுப்புக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும்போது, “வைத்தியர், பொறியியலாளர்” என்று நிறுத்திவிடாது, இத்தொழிலின் பெயரையும் ஆசிரியர்கள் ஒருமுறை வகுப்பிலே சொல்வார்களாக.