வெயிலைத் தாங்கும் யந்திரம்

2025-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதியன்று, ஒடிஷாவிலுள்ள ஜார்ஸுகுடாவில் பிரதம மந்திரி பி.எஸ்.என்.எல். ஸ்தாபனத்தின் நான்காம் தலைமுறை மொபைல் சேவையைத் தொடங்கி வைத்தார். சுமார் 97,500 கோபுரங்கள். சுமார் 37,000 கோடி ரூபாய் செலவு. கோபுரங்களிலுள்ள ரேடியோ யந்திரங்களைப் பெங்களூர் தேஜஸ் நெட்வொர்க்ஸ் கம்பெனி செய்து கொடுத்தது. சேவையின் நடுநாயகமான மென்பொருளைச் சர்க்காரின் ஆராய்ச்சி ஸ்தாபனமான சி-டாட் இயற்றிற்று. இவ்விரண்டையும் இணைத்து இயங்கச் செய்தது டி.சி.எஸ். கம்பெனி. தொலைத்தொடர்பு யந்திரங்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும் தேசங்கள் உலகில் மிகச் சில. அந்த வரிசையில் இந்தியாவும் சேர்ந்ததில் நாம் மகிழ்கிறோம்.

ஆயினும் மகிழ்ச்சி நம் கணக்கை மறைத்துவிடலாகாது. இதே நான்காம் தலைமுறைச் சேவையைத் தனியார் கம்பெனிகள் 2012-ம் வருஷத்திலேயே இந்தியாவில் தொடங்கிவிட்டன. ஐந்தாம் தலைமுறைச் சேவையையும் 2022 அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டன. சர்க்கார் ஸ்தாபனம் 13 வருஷம் பின்தங்கி வந்திருக்கிறது. அறிவும் ஆற்றலும் உள்ள தேசம் ஏன் இவ்வளவு தாமதித்தது? இக்கேள்விக்கு விடை காணாவிட்டால், ஆறாம் தலைமுறை வரும்போதும் இதே தாமதத்தையே காண்போம்.

விடைக்காக நாம் 1984-ம் வருஷத்திற்குப் போக வேண்டும். அவ்வருஷத்தில் சாம் பிட்ரோடாவின் முயற்சியால் சி-டாட் தோன்றியது. 36 மாதத்தில், 36 கோடி ரூபாயில், இந்தியாவுக்கு ஏற்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றை ஆக்கித் தருவதாக அது ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் அந்நிய தேசங்களிலிருந்து வந்த எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறையில் வைத்துப் போற்றப்பட வேண்டியவை. நமது கிராமத்திலோ வெயில் உண்டு, தூசி உண்டு, மின்சாரத் தடை உண்டு. குளிரூட்டிய அறை மட்டும் இல்லை. சி-டாட் எஞ்சினீயர்கள் இந்த நிலைமையை ஒரு குறையாகக் கருதவில்லை. யந்திரம் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையாகவே கொண்டார்கள். 128 முனைகள் கொண்ட சிறிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அவர்கள் அமைத்தார்கள். அது குறைந்த மின்சாரத்தில் ஓடியது. குளிர்சாதனமின்றி வெப்பத்தைத் தாங்கியது. 1986-ம் வருஷத்தில் கர்நாடகத்துக் கித்தூரில் அது நிறுவப்பட்டது. பிறகு தேசமெங்கும் பரவியது.

இதில் அடங்கிய பாடம் பெரிது. சுதேசி யந்திரம் ஆக்குவது ஒரு காரியம், மின்சாரத்தைச் சேமித்து இயற்கையைக் காப்பது வேறொரு காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். கித்தூர் எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் ஒருங்கே சாதித்தது. நமது வெயிலை மனத்திற் கொண்டு செய்யப்பட்டதால் அது சுதேசியாயிற்று. அதே காரணத்தால் சிக்கனமும் ஆயிற்று.

பிறகு நடந்தது என்ன? 1995-ல் மொபைல் டெலிபோன் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் ‘கோர்டெக்ட்’ என்ற கம்பியில்லா முறையை அமைத்து நம் நாட்டாரின் திறமையை நிரூபித்தார்கள். ஆனால் தேசம் முழுவதற்குமான மொபைல் யந்திரங்கள் அந்நியக் கம்பெனிகளிடமிருந்தே வந்து குவிந்தன. ஒரு வெற்றி கிடைத்ததும் ஆராய்ச்சியின் வேலை முடிந்தது என்று அதிகாரிகள் எண்ணிவிட்டார்கள் போலும். ஆராய்ச்சி என்பது கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தும் மண்டபமன்று; வருஷந்தோறும் உழுது விதைக்க வேண்டிய நிலம்.

கண்ணாடி இழை விஷயத்தில் அதே தவறு நேராதிருக்க வேண்டும். ஒளியை இழைவழியே வளைத்துச் செலுத்தலாம் என்பதைக் காட்டிய முன்னோடிகளில் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி ஒருவர். 1966-ல் சார்ல்ஸ் காவோ, கண்ணாடியைப் போதிய அளவு சுத்தம் செய்தால் அது நெடுந்தூரச் செய்திக்கும் உதவும் என்று எடுத்துக்காட்டினார். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும் என்பது அவரது கணக்கு. இன்றைய இழையில் நூற்றுக்கு 95 பங்கு ஒளி மிஞ்சுகிறது. காவோ 2009-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் கபானியின் ஆராய்ச்சி வாழ்வு அந்நிய நாட்டிலேயே கழிந்தது.

மின்சாரச் சிக்கனத்தில் இந்த இழைக்கு நிகரில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழையை வழியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கலாம். பிரிக்கும் கருவிக்கு ஒரு துளி மின்சாரமும் வேண்டியதில்லை. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை இடையில் ஒரு யந்திரமும் இல்லாமலே செய்தி போய்ச் சேரும். இம்முறைக்கான கருவிகளையும் சி-டாட் இங்கேயே ஆக்கியது. அவையே கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்தில் பயன்பட்டன.

அத்திட்டத்தின் கதையை ஒவ்வொரு தேசபக்தனும் அறிய வேண்டும். 2011 அக்டோபரில் மந்திரிசபை அதற்கு அனுமதி தந்தது. சுமார் 2½ லட்சம் பஞ்சாயத்துகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டு வருஷக் கெடு என்றார்கள். கெடு தவறியது. 2015-ல் திட்டத்துக்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2023 ஆகஸ்டில் மந்திரிசபை 1,39,579 கோடி ரூபாயில் அதைத் திருத்தி அமைத்தது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்கு இழை எட்டியிருக்கிறது. ஆனால் எட்டியது வேறு, உயிரோடிருப்பது வேறு. சாலை வெட்டுவோரும் குழாய் பதிப்போரும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால், ஒற்றை வழியாகப் போன இழை அறுந்து, அதற்கப்பால் உள்ள கிராமங்களெல்லாம் ஊமையாகின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி செல்லும்படி வளையமாக இழை போட வேண்டும் என்று புதிய திட்டம் கூறுகிறது. இந்த எளிய யோசனை முதலிலேயே ஏன் தோன்றவில்லை?

கோபுரங்களின் கதையும் இத்தகையதே. மொபைல் சேவை உண்ணும் மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்குவது கோபுரத்து ரேடியோ யந்திரமே. மின்சாரம் நின்றால் டீசல் எஞ்சின் ஓடும். 2015-க்குள் கிராமக் கோபுரங்களில் நூற்றுக்கு 50-ம் நகரக் கோபுரங்களில் நூற்றுக்கு 20-ம் சூரிய ஒளி முதலியவற்றைச் சேர்த்து இயங்க வேண்டும் என்று 2012-ல் சர்க்கார் உத்தரவிட்டது. கெடு கடந்து எத்தனையோ வருஷமாயிற்று; டீசல் புகை இன்னும் ஓயவில்லை. புதிய பி.எஸ்.என்.எல். கோபுரங்களில் சூரிய ஒளியால் இயங்குவன பல என்பது நல்ல ஆரம்பம். ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோவை ஆக்காமல், கூரைமேல் பலகையை மட்டும் பரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

“உலகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் என்ன?” என்று வாதிப்போர் உளர். வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்ப்பவர்களின் வாதம் இது. யந்திரம் பத்து வருஷம் குடிக்கும் மின்சாரத்தையும், பழுதானால் அந்நியரை எதிர்பார்த்து நிற்கும் காலத்தையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கே? மற்றொரு சாரார், சுதேசிப் பொருள் மட்டமாயினும் வாங்கியே தீர வேண்டும் என்பர். அதையும் நாம் ஏற்கவில்லை. சோதனையில் தேறாத பொருளுக்குச் சுதேசி முத்திரை குத்துவது சுதேசியத்துக்கே அவமானம். நமது யந்திரங்களுக்குள் இருக்கும் சில்லுகளில் பெரும்பாலானவை இன்னும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பன மூன்று. முதலாவது, தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கு மந்திரிகள் மாறினாலும் மாறாத தொகை ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும். சோதனையில் தேறிய சுதேசி யந்திரத்துக்குக் கொள்முதல் உறுதி வேண்டும். இரண்டாவது, டெண்டர்களில் விலையோடு மின்சாரச் செலவையும் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, எத்தனை பஞ்சாயத்து இழைகள் இயங்குகின்றன, எத்தனை அறுந்து கிடக்கின்றன என்பதை ஜில்லாவாரியாக மாதந்தோறும் ஜனங்களுக்கு வெளியிட வேண்டும்.

இவற்றில் மூன்றாவது ஜனங்களின் கையில் இருக்கிறது. அன்பர்கள் தங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்குச் சென்று, சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கட்டும். எரியவில்லையேல் கிராமசபையில் எழுந்து காரணம் கேட்கட்டும். அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் அவர்களுடையதே.