உயிலில் எழுதினால் போதாது

கேரளத்தின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம்.லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21 அன்று காலமானார். உடலை எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அப்பாவின் விருப்பம் என்றார் மகன். அப்பா அப்படிச் சொன்னதே இல்லை, கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மகள். அஞ்சலிக்காக உடலை வைத்திருந்த டவுன் ஹாலிலேயே தள்ளுமுள்ளு ஆனது. விவகாரம் உயர் நீதிமன்றம் போய், மேல்முறையீட்டுக்குப் போய், கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் படியும் ஏறியது. 2025 ஜனவரியில் மகளின் மனு தள்ளுபடியாகும்வரை ஏறக்குறைய நான்கு மாதம் வழக்கு நீடித்தது. நீதிமன்றத்தின் முன் இருந்தது, அவர் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டவர்களின் சாட்சியம் மட்டுமே. அவர் கையெழுத்திட்ட காகிதம் எதுவும் இல்லை.

அதே கட்சியின் ஜோதி பாசு 2003இலேயே உடல்தான உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தார். ஏழு ஆண்டு கழித்து, 2010 ஜனவரியில் அவர் இறந்தபோது கண்கள் தானமாயின. உடல் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்குப் போனது. விருப்பம் என்ன என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், எழுதி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். அது பாதி உண்மைதான். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரன் எந்தக் காகிதமும் எழுதி வைக்கவில்லை. மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் ஒரே மனதாக முடிவெடுத்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி, அவன் இதயம் முகப்பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்புதானம் என்ற சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அந்த நாளில்தான். காகிதம் இல்லாமலேயே ஒரு குடும்பத்தால் இது முடிந்தது. குடும்பம் ஒத்துவராவிட்டால் கையில் காகிதம் இருந்தும் காரியம் நடப்பதில்லை.

சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, இறப்புக்குப் பின் உறுப்பு தர விரும்புபவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். 2014 விதிகளில் இதற்கென்றே ஏழாம் எண் படிவம் இருக்கிறது. குடும்பத்தாரின் சம்மதத்துக்கு எட்டாம் எண் படிவம். சட்டத்தின் சொற்படி பார்த்தால், முறையாகக் கையெழுத்திட்டவரின் விருப்பத்தை, அவர் பின்னால் மனம் மாறினார் என்று நம்ப இடமில்லாதவரை, உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிறைவேற்ற வழிவிட வேண்டும். நடைமுறை வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே அழுதுகொண்டு நிற்கும் மனைவி வேண்டாம் என்று தலையசைத்தால், எந்த மருத்துவரும் படிவத்தைக் காட்டி வாதாட மாட்டார். வாதாடவும் கூடாது.

ஆகவே உறுதிமொழிப் படிவம் மருத்துவமனைக்காக எழுதப்படுவதைவிட வீட்டாருக்காகவே அதிகம் எழுதப்படுகிறது. சாட்சிக் கையெழுத்துக்கு அலுவலக நண்பரைத் தேடிப் போகாமல், நாளை முடிவெடுக்க வேண்டியவரையே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவது நல்லது. மறுப்பு சொல்லக்கூடியவர் என்று தெரிந்தால், அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2023 முதல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் வழியாகப் பதிவு செய்ய முடிகிறது. வசதிதான், ஆனால் இரவில் தனியாகக் கைப்பேசியைத் தட்டிப் பதிவு செய்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிடுபவரும் உண்டு. அந்தப் பதிவு இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகலாம்.

உயிலில் எழுதிவைப்பது இதைவிட மோசம். நம் வீடுகளில் உயிலைப் பிரித்துப் படிப்பது காரியம் முடிந்து, உறவினர் ஊர் திரும்பிய பிறகு. கண்ணுக்கோ ஆறு மணி நேரம்தான் கெடு.

இன்னொரு குழப்பமும் இங்கே தீர வேண்டும். கண்தானம், உறுப்புதானம், உடல்தானம் மூன்றும் ஒன்றல்ல. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றை மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தே பெரும்பாலும் எடுக்கிறார்கள். அதுவும் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடமிருந்து. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை உறுதி செய்ய முடியும். வீட்டில் உயிர் பிரிந்தவரின் இதயத்தைக் கொடுக்க முடியாது. கண்களையும் தோலையும் கொடுக்கலாம். உடல் முழுவதும் என்றால் அது மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போகிறது. முக்கிய உறுப்புகளை எடுத்த உடலையோ, பிரேதப் பரிசோதனை செய்த உடலையோ, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் போன்ற தொற்று இருந்தவரின் உடலையோ கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. கண்கள் எடுக்கப்பட்டிருந்தால் தடையில்லை. இதெல்லாம் தெரியாமல் 'எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதிவைத்தால், கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்படும்போது பிள்ளைகள் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நொந்துபோவார்கள். வரிசையாக எழுதுவதே சரி: மூளைச்சாவு என்றால் உறுப்புகள், வீட்டில் இறந்தால் முதலில் கண், பிறகு உடல், கல்லூரி ஏற்காவிட்டால் வழக்கம்போல் தகனமோ அடக்கமோ. அந்தக் கடைசி வரி குடும்பத்தின் மேலிருந்து பெரிய பாரத்தை இறக்கிவிடும்.

கண்தானத்துக்குச் சில சின்ன ஏற்பாடுகள் போதும். இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். குளிர்சாதனம் இருந்தால் போடலாம். தலைக்கு ஒரு தலையணை வைத்து உயர்த்தினால் ரத்தக்கசிவு குறையும். கண் வங்கியிலிருந்து ஆள் வீட்டுக்கே வருகிறார். அரைமணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்; முகம் விகாரமாவதில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் வரட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வீடுகள் பல. உடல் காத்திருக்கலாம், கண் காத்திருக்காது. 'நான் வருவதற்குள் கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று அந்த மகன் தொலைபேசியில் சொல்ல வேண்டுமானால், அப்பாவின் விருப்பம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சடங்கு பற்றிய கவலையை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. கொள்ளி வைக்க உடல் இல்லையே என்ற தாயின் கேள்வி நியாயமானது. உறுப்புதானத்தில் உடல் தைக்கப்பட்டு வீட்டுக்கே திரும்பி வருகிறது. எல்லா முறையும் செய்யலாம். உடல்தானத்தில் குளிப்பாட்டி, மாலையிட்டு, வாய்க்கரிசி போட்டு அனுப்பிவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஐ.என்.ஏ.வின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2012இல் கான்பூரில் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே உடல் அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போனது. ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்திய பிறகுதான் போனது.

உறுப்புதானம் செய்பவரின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இறந்தவரின் வீட்டுக்கு அதிகாரி வந்து மலர்வளையம் வைப்பது, தயங்கி நின்ற உறவினரின் மனதையும் மாற்றுகிறது. அதே அக்கறை முன்கூட்டியே எழுதிவைக்கும் இடத்திலும் வேண்டும். உடல்தானப் படிவம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. சில இடங்களில் முத்திரைத்தாளும் நோட்டரி கையெழுத்தும் கேட்கிறார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம் வேண்டும். எந்த இ-சேவை மையத்திலும் இலவசமாகப் பதியும் வசதி வேண்டும். உறவினர் ஒருவர் சாட்சியாக உடன் வந்து கையெழுத்திட்டால்தான் பதிவு முடியும் என்ற விதியும், அவருடைய கைப்பேசிக்கே அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணும் உடற்கூறியல் துறையின் எண்ணும் போய்ச் சேரும் ஏற்பாடும் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; சுகாதாரத்துறையின் ஓர் அரசாணை போதும்.